கல் அசையவில்லை, தலைவரே

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் பெருமாள்சாமியை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள்கூட மேடையில் திட்டும்போது மட்டும்தான் பெயரைச் சொல்வார்கள். கீழே இறங்கி டீக்கடைக்கு வந்தால் அவர்களுக்கும் அவர் தலைவர்தான். நல்ல மனிதர். யார் வந்து அழுதாலும் கூடவே கண் கலங்குவார். கலங்கிய பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான் மூன்று ஆலோசகர்களை வைத்திருக்கிறார்.

கோவில்பட்டியில் கட்சி அலுவலகத்து மாடியில் அந்த மூவருக்கும் ஓர் அறை உண்டு. முதலாமவர் சங்கரபாண்டி, இருபத்திரண்டு வருடமாகத் தலைவரின் நம்பிக்கைக்கு உரியவர். இரண்டாமவர் கோபாலசாமி, ஓய்வுபெற்ற பேராசிரியர். தலைவரின் அறிக்கைகளை எழுதுபவர். மூன்றாமவர் ரிஜோ, சென்னையில் இரண்டு தேர்தல்களுக்கு வேலை பார்த்துவிட்டு ஒரு லேப்டாப்போடு ஊர் திரும்பியவர். அந்த லேப்டாப்பில் தொகுதி மக்கள் எல்லாரும் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

தலைவருக்கு ரத்தக்கொதிப்பு. கெட்ட செய்தியைத் திடுதிப்பென்று சொல்ல வேண்டாம் என்று டாக்டர் ஒருமுறை சொல்லிவிட்டார். சங்கரபாண்டி அன்றைக்கே அதை ஒரு நடைமுறையாக்கி, லேமினேட் செய்து, தலைவர் அறைக் கதவில் ஒட்டிவிட்டார்: 'கெட்ட சேதி கொண்டு வருபவர்கள் முதலில் இரண்டு நல்ல சேதி சொல்ல வேண்டும்.' இதனால் தலைவரின் உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. பெரும்பாலும் இரண்டாவது நல்ல சேதி முடிந்ததும் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அதிகாரிகள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே நல்ல சேதியைத் தயார் செய்துகொண்டு வருவார்கள். கிடைக்காதவர்கள் போன மாதத்து நல்ல சேதியையே திரும்பச் சொல்வார்கள்.

இந்தக் கதவுக்கு முன்னால்தான் ஒரு தை மாதத் திங்கட்கிழமை காலையில் மிக்கேல்ராஜ் வந்து நின்றார். நாகலாபுரம் பக்கம் சூசையாபுரம் ஊர். மூன்று ஏக்கர் மானாவாரி மிளகாய். முதல் பஸ்ஸுக்கு வந்திருந்தார். முழங்கால் வரை கரிசல் மண் காய்ந்து அப்பியிருந்தது. கையில் ஒரு மஞ்சப்பை, பைக்குள் வேரோடு பிடுங்கிய ஒரு மிளகாய்ச் செடியும் ஒரு மனுவும்.

அவர் விஷயம் சிறியது. பருவம் தப்பி மூன்று நாள் மழை கொட்டி, ஊரில் எண்பது ஏக்கர் மிளகாயில் தண்ணீர் கட்டி நின்றது. வழக்கமாக அந்தத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் இருக்கும் குழாய்ப் பாலம் வழியாக ஓடைக்குப் போய்விடும். இந்தத் தடவை போகவில்லை. ஏனென்றால் மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தக் குழாயின் வாயில் எட்டு லாரி சரளைக் கொட்டி, மேட்டாக்கி, அதன்மேல் தலைவர் ஓர் அடிக்கல் நாட்டியிருந்தார். தலைவரின் கார் கதவைத் திறந்தால் கால் நேராகச் சரள்மீது பட வேண்டும், கரிசலில் பட்டுவிடக் கூடாது என்று ஆலோசகர்கள் தேர்ந்தெடுத்த இடம் அது. மிளகாய் காயப் போடும் சிமெண்டுக் களத்துக்கான அடிக்கல். களம் இன்னும் வரவில்லை, கல் மட்டும் இருந்தது.

ஊராட்சி எழுத்தரிடம் கேட்டார்கள். "கல்லுல தலைவர் பேரு இருக்கு, நான் தொட மாட்டேன்" என்றார். ஒன்றிய அலுவலகத்தில் கேட்டார்கள். தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம், சொல்லாமல் எடுத்தால் கேஸ் ஆகிவிடும் என்றார்கள். கட்டி நிற்கும் தண்ணீரில் மிளகாய்ச் செடி மூன்று நாள் தாங்கும். புதன்கிழமை தாண்டினால் வேர் அழுகிவிடும். ஆகவே ஊர் கூடி, ஒரு வார்த்தை வாங்கி வர மிக்கேல்ராஜை அனுப்பி வைத்தது.

"ரெண்டு நல்ல சேதி சொல்லும்" என்றார் சங்கரபாண்டி.

"அண்ணாச்சி, செடி அழுகப்போவுது."

"அது மூணாவதுவே. முதல்ல ரெண்டு."

மிக்கேல்ராஜ் கண்ணை மூடி யோசித்தார். "எங்க வீட்டு மாடு கன்னு போட்டிருக்கு."

"அதுல தலைவருக்குப் பங்கு உண்டா?"

இல்லை என்று ஒத்துக்கொண்டார். தலைவருக்குப் பங்கில்லாத நல்ல சேதி கணக்கில் வராது. அவர் திகைத்து நிற்பதைப் பார்த்துப் பேராசிரியர் கோபாலசாமி இரக்கப்பட்டார். மனுவை வாங்கிப் பேனாவைத் திறந்தார். 'வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது' என்ற வரியை அடித்துவிட்டு, 'வானம் பார்த்த பூமியில் இன்று நீர் நிலைத்து நிற்கிறது' என்று எழுதினார். 'வடிய வழியில்லை' என்று இருந்ததை, 'ஒரு சொட்டும் வீணாகவில்லை' என்று திருத்தினார்.

"ஐயா, நான் சொன்னது இது இல்லையே."

"நீங்க சொன்னதேதான். நான் நடையை மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்கேன்" என்றார் பேராசிரியர். "முப்பது வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். நல்ல அறிக்கைக்குள்ள விஷயம் இருக்கக் கூடாது. விஷயம் இருந்தா நாளைக்கு அதைப் பிடிச்சுக்கிட்டுக் கேள்வி கேப்பாங்க."

உள்ளே தலைவர் மனுவைப் படித்தார், படித்ததும் கண் கலங்கினார். எங்கள் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்றால் யாருக்கும் நெஞ்சு நிறையத்தான் செய்யும். பாதி ஆயுளை மேகத்தைப் பார்த்தே கழித்தவர்கள் நாங்கள். ஆனால் நெல்லுக்கு நிற்க வேண்டிய தண்ணீர் மிளகாய்க்கு நிற்கக் கூடாது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தலைவருக்கும் தெரிந்திருக்கும். அவர் அப்பாவும் மிளகாய் போட்டவர்தான். தெரிந்ததைத் தெரிந்ததாக வைத்துக்கொள்ளலாமா என்று ஆலோசகரைக் கேட்டுப் பழகிவிட்டார்.

அந்தப் பழக்கத்தை மிக்கேல்ராஜ் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தார். எதைக் கேட்டாலும் தலைவர் உடனே சங்கரபாண்டியின் முகத்தைப் பார்ப்பார், அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள. சங்கரபாண்டி அதே நேரத்தில் தலைவரின் முகத்தைப் பார்ப்பார், தலைவர் என்ன நினைக்க விரும்புகிறார் என்று தெரிந்துகொள்ள. இரண்டு பேரும் இப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருப்பார்கள். யார் முகத்தில் முதலில் சிரிப்பு வருகிறதோ அதுதான் முடிவு. அன்றைக்குத் தலைவர் முகத்தில் வந்தது.

"நல்ல சேதியோட வந்த முதல் விவசாயி நீருதான்வே!" என்று தலைவர் மிக்கேல்ராஜைக் கட்டிப்பிடித்தார். "இந்த மாதிரி ஆளு என் பக்கத்துல இருக்கணும். இவரைக் களஆலோசகரா வச்சுக்கிடுங்க."

"ஐயா, தண்ணி வடியணும்யா. அந்தக் கல்லை..." என்று மிக்கேல்ராஜ் தொடங்குவதற்குள் ஒரு சால்வை அவர் தலைக்கு மேலாக வந்து கழுத்தில் விழுந்தது. ரிஜோ படம் எடுத்தார். தலைவர் சாப்பிடப் போய்விட்டார்.

மிக்கேல்ராஜுக்குக் கோபம் வந்தது. ஆனால் கூடவே ஒரு நம்பிக்கையும் வந்தது. பக்கத்திலேயே இருந்தால் எப்படியும் ஒரு வார்த்தையை வாங்கிவிடலாம் அல்லவா? டவுனில் இருந்த அக்காள் வீட்டில் படுத்துக்கொண்டு மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரு நாற்காலியும், கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் தந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நெருக்கடி வந்தது. சூசையாபுரத்தில் யாரோ வயலை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். பழுத்துத் தொங்கும் இலை, பாத்தி தெரியாமல் நிற்கும் தண்ணீர், பின்னால் தலைவர் பெயரோடு கல். மதியத்துக்குள் அதை அறுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். தலைவர் எல்லாப் போனையும் அணைத்துவிட்டு மாடிக்கு வந்தார். கதவு சாத்தப்பட்டது. நடுவில் ஒரு தட்டு நிறையக் கடலைமிட்டாய் வைக்கப்பட்டது. பெரிய நெருக்கடி என்றால் இரண்டு தட்டு வைப்பது மரபாம். இது ஒரு தட்டு நெருக்கடிதான் என்று சங்கரபாண்டி மதிப்பிட்டிருந்தார்.

"சார், வீடியோ பாத்தவங்கள்ல அறுபத்து மூணு சதவீதம் பேரு அழுகிற முகம் எமோஜி போட்டிருக்காங்க" என்றார் ரிஜோ. "இதை நாம பாதிக்குக் கொண்டு வரணும். தலைவரோட சின்ன வயசுப் போட்டோ ஒண்ணு வேணும். முடிஞ்சா ஆட்டுக்குட்டியோட."

"மழை எப்படிப் பெஞ்சுதுங்கதைப் பத்தி உங்க பெட்டில என்ன இருக்கு?" என்று மிக்கேல்ராஜ் கேட்டார்.

"மழை நம்ம டேட்டால வராது அங்கிள். அதுக்கு ஓட்டு இல்லல்ல."

பேராசிரியர் தன் அறிக்கையைப் படித்தார். 'விவசாயியின் கண்ணீரைத் தன் கண்ணீராகக் கருதும் தலைவர்' என்று தொடங்கி, நான்கு பக்கம் போய், 'கருதுகிறார்' என்று முடிந்தது.

கடைசியில் தலைவர் கேட்டார், "நீங்க என்ன சொல்லுதீங்க சங்கரபாண்டி?"

சங்கரபாண்டி எழுந்து நின்றார். அவர் குரல் தழுதழுத்தது. "தலைவரே, இருபத்திரண்டு வருஷமா உங்க கூட இருக்கேன். எத்தனை பேரு வந்தான், ஆலோசனை சொன்னான், போனான். நான் மட்டும் ஏன் இருக்கேன்? இந்த இருபத்திரண்டு வருஷத்துல நான் உங்களுக்கு ஒரு ஆலோசனைகூடச் சொன்னது கிடையாது. இன்னைக்கும் சொல்ல மாட்டேன். என்னை நீங்க முழுசா நம்பலாம்."

தலைவர் நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாரையும் பார்த்து, "அந்தத் தண்ணி ஏன்யா போகல?" என்று கேட்டார்.

மூன்று ஆலோசகர்களுக்கும் காரணம் தெரியும். அந்த வீடியோவிலேயே கல் தெரிகிறது. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். ரிஜோ லேப்டாப்பைப் பாதி மூடினார். மிக்கேல்ராஜுக்கு இதுதான் தருணம் என்று தோன்றியது. எழுந்தார். ராத்திரி பூராவும் யோசித்து இரண்டு நல்ல சேதிகளைத் தயார் செய்து வைத்திருந்தார்.

"ஐயா, எங்க ஊர்ல உங்க பேரு தெரியாத ஆளே கிடையாது."

தலைவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ரெண்டாவது, நீங்க நட்ட கல்லு இத்தனை வெள்ளத்துலயும் அசையலைய்யா. அப்படியே உறுதியா நிக்குது. மூணாவது என்னன்னா..."

"அசையலையா!" தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஊரே தண்ணியில கெடக்கு, என் கல்லு அசையலையா! பாத்தீங்களா சங்கரபாண்டி?"

"பாத்தேன் தலைவரே."

"அதை விட்டுரக் கூடாது. இன்னும் மழை வந்தா என்ன ஆகும்? உடனே பாதுகாக்க ஏற்பாடு பண்ணுங்க."

"மூணாவது..." என்று மிக்கேல்ராஜ் கத்தினார். அதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது. நெருக்கடியில் தலைவர் எடுத்த முதல் முடிவு என்பதால் பலமாகவே தட்டினார்கள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மிக்கேல்ராஜின் மனைவி எஸ்தர்ராணி போன் செய்தாள்.

"ஏங்க, ரெண்டு லாரி நிறைய மணல் மூட்டை வந்திருக்கு. கல்லைச் சுத்தி அடுக்குதாவ. கொஞ்ச நஞ்சம் கசிஞ்சிக்கிட்டு இருந்த தண்ணியும் நின்னு போச்சு. கேட்டா, களஆலோசகர் சொன்ன யோசனைங்காவ. யாருங்க அந்த எடுபட்ட பய?"

மிக்கேல்ராஜ் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றார். அன்றைக்கு அக்காள் வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலையில் அவர் கதவு நடைமுறையை மதிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனார். தலைவர் தனியாக உட்கார்ந்திருந்தார். சங்கரபாண்டி குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார். மற்ற இரண்டு பேரும் இன்னும் வரவில்லை. தலைவர் இவரைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். முகம் வாடியிருந்தது.

"எங்க அப்பா மிளகாய் போட்டவருவே. எனக்கு அந்த வீடியோவைப் பாத்ததுல இருந்து தூக்கமே வரல. இவங்க எல்லாரும் எதைக் கேட்டாலும் ஆமாங்காங்க. நீராவது உள்ளதைச் சொல்லும்."

மிக்கேல்ராஜுக்கு இந்த மனிதர்மேல் இரண்டு நாளாக இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடம் இறங்கிவிட்டது. "ஐயா, கல்லு குழாய் வாய்க்கு மேல இருக்கு. அதை எடுத்துட்டுச் சரளை வாருனா ஒரு மணி நேரத்துல தண்ணி போயிரும். இன்னைக்குப் போகலைன்னா எங்க எண்பது ஏக்கரும் போயிரும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

தலைவர் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். 'எடுத்துரச் சொல்லுதேன்' என்ற வார்த்தை அவர் உதட்டுக்கு வந்துவிட்டதை மிக்கேல்ராஜ் கண்ணால் பார்த்தார். அப்புறம் தலைவரின் கண்கள் அவரை அறியாமலே இடது பக்கம் திரும்பின. சங்கரபாண்டி உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. தலைவர் அந்தக் காலி நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்காலியில் எந்த முகமும் இல்லாததால் அவருக்கு எதுவும் தெரியவரவில்லை.

"சங்கரபாண்டி வந்துரட்டுமே" என்றார்.

மிக்கேல்ராஜ் வெளியே வந்து எஸ்தர்ராணிக்குப் போன் செய்தார். "இங்கன ஒண்ணும் நடக்காது" என்று மட்டும் சொன்னார். அவள் "சரி" என்று வைத்துவிட்டாள். அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

மதியம் இரண்டு மணிக்கு ஊராட்சி எழுத்தரிடமிருந்து அலறலாக ஒரு போன் வந்தது. சூசையாபுரத்தில் முப்பது பெண்களும் பத்துப் பதினைந்து ஆண்களும் கடப்பாரை, மண்வெட்டியோடு வந்து, மூட்டைகளை உருட்டிவிட்டு, டிராக்டரில் வடம் கட்டிக் கல்லை எடுத்துவிட்டார்களாம். குழாய் திறந்துவிட்டது, தண்ணீர் ஓடையில் பாய்கிறது. முன்னால் நின்றது எஸ்தர்ராணி என்று ஒரு பொம்பளை. பெயரை எழுதி வைத்திருக்கிறேன், கேஸ் போடவா என்று கேட்டார்.

இந்தத் தடவை இரண்டு தட்டுக் கடலைமிட்டாய் வந்தது. கோயில் விபூதியோடு சங்கரபாண்டி வந்து சேர்ந்தார். "கல்லு மேல கை வச்சது தலைவர் மேல கை வச்ச மாதிரி" என்றார் பேராசிரியர். ரிஜோ, கைது செய்தால் அழுகிற முகம் கூடும், செய்யாவிட்டால் சிரிக்கிற முகம் கூடும், இரண்டும் சரியில்லை என்றார். தலைவர் சங்கரபாண்டியைப் பார்த்தார். சங்கரபாண்டி தலைவரைப் பார்த்தார். யார் முகத்திலும் எதுவும் வரவில்லை.

அதற்குள் மிக்கேல்ராஜுக்கும் ஊரிலிருந்து போன் வந்திருந்தது. எழுத்தர் தாளில் முதல் பெயர் மிக்கேல்ராஜின் பெண்டாட்டி பெயர். அவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"ஐயா, தண்ணி வடிஞ்சிருச்சு. அது ஒரு நல்ல சேதி."

தலைவர் தலையாட்டினார்.

"ரெண்டாவது, உங்க கல்லுல ஒரு கீறல் விழல. பக்குவமாக் கொண்டுபோயி பள்ளிக்கூடத்து மேட்டுல வச்சிருக்காவ. முன்ன ரோட்டோரத்துல தாழக் கெடந்தது. இப்ப பஸ்ல போறவன் வாரவன் எல்லாம் வாசிக்கலாம்."

தலைவர் லேசாகச் சிரித்தார். அவராகவே, "கெட்ட சேதி என்னவே?" என்று கேட்டார். அந்த அறையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"பத்திரிகைக்காரவ ஊர்ல நிக்காவளாம். கல்லை எடுக்க யாரு சொன்னான்னு கேக்காவளாம். எங்க ஆளுகளுக்கு என்ன சொல்லன்னு தெரியல. கேஸுன்னு ஒண்ணு வந்துட்டா, தலைவரு சொல்லலைன்னு ஆயிரும்."

அறை யோசித்தது. தலைவர் மெதுவாக, "நான்தான சொன்னேன்?" என்றார். சொல்லிவிட்டுச் சங்கரபாண்டியைப் பார்த்தார்.

"சொன்னீங்க தலைவரே. திங்கக்கிழமையே சொன்னீங்க" என்றார் சங்கரபாண்டி. இருபத்திரண்டு வருட அனுபவம் அவரைக் கைவிடவில்லை.

பேராசிரியர் 'தன் கல்லைத் தானே பெயர்த்த தலைவர்' என்று தலைப்பு எழுதிவிட்டார். தலைவர் கடப்பாரையோடு நிற்பதுபோல் ரிஜோ ஒரு படம் தயாரித்தார். கேஸ் கைவிடப்பட்டது. மிக்கேல்ராஜுக்கு இன்னொரு சால்வை விழுந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் வயலுக்குப் போனார். மேல்பக்கம் ஒன்றரை ஏக்கர் தப்பியிருந்தது. கீழ்ப்பக்கம் ஒன்றரை ஏக்கர் போய்விட்டது. பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள் வெந்த கீரையாகத் தொங்கின. தொட்டால் வேரோடு கையில் வந்தது. எஸ்தர்ராணி ஏற்கெனவே பிடுங்கத் தொடங்கியிருந்தாள். உள்ளங்கை இரண்டிலும் கடப்பாரை பிடித்த கொப்புளம்.

"ஒரு மணி நேர வேலைங்க" என்றாள், அவரைப் பார்க்காமல். "திங்கக்கிழமையே செஞ்சிருக்கலாம். மூணு ஏக்கரும் நின்னிருக்கும். கல்லு கனமே இல்ல. நாமதான் அனுமதி கேக்கப் போனோம்."

மிக்கேல்ராஜுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, அழுதுகொண்டே அவள் பக்கத்து வரிசையில் குனிந்து பிடுங்கத் தொடங்கினார். அப்போது போன் அடித்தது. சங்கரபாண்டி.

"எங்கவே போயிட்டீரு? தலைவரு காலையில இருந்து உம்மைத்தான் கேக்காரு. கல்லை எடுக்கச் சொன்ன தலைவரை நேர்ல பாக்கணும்னு மேலிடத்துல இருந்து ஆளு வாராங்க. என்ன பேசணும்னு தெரியாம உக்காந்திருக்காரு. பெரிய நெருக்கடி. உடனே கிளம்பி வாரும்."

எஸ்தர்ராணி மண் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"அண்ணாச்சி, அவிய வர முடியாது. செத்த செடி பிடுங்குதாவ. ஒன்றரை ஏக்கர் கெடக்கு, எங்களுக்கே ஆளு பத்தல. தலைவரை இங்கன வரச் சொல்லுங்க."

"தலைவர்ட்ட கேட்டுச் சொல்லுதேம்மா" என்றார் சங்கரபாண்டி.

அவள் போனைக் கணவரின் சட்டைப் பையில் போட்டுவிட்டு அடுத்த செடியைப் பிடுங்கினாள்.